நாற்பது தாண்டிய ஆண் ஜோடி வரும் தொடர் ஏதாவது?

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:
வயது 49. கொலுசுப் பட்டறையில் சலங்கை பற்றவைக்கும் வேலை. இப்போதெல்லாம் கண்ணாடி இல்லாமல் சலங்கையே தெரிவதில்லை. நான் தன்பால் ஈர்ப்பாளன். வீட்டில் அக்காவுக்கு மட்டும் தெரியும். தொடர்களில் எங்களைக் காட்டினால் எப்போதும் கல்லூரிப் பையன்கள், மழை, முத்தம். முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே சண்டை போடும் ஜோடி எங்காவது உண்டா? யாரையும் சாகடிக்காமல் இருந்தால் நல்லது.

ஏற்காட்டு மிளகு:
ஜப்பானில் 2019இல் வந்த 'நேற்று என்ன சாப்பிட்டாய்?' பாருங்கண்ணா. ஷிரோ வக்கீல், கென்ஜி சலூனில் வேலை. ஷிரோ விலை பார்த்துப் பார்த்துக் காய் வாங்கிச் சமைப்பார், கென்ஜி ரசித்துச் சாப்பிடுவார். அலுவலகத்தில் இவர் மூச்சு விடமாட்டார். அவரோ சலூனில் எல்லாரிடமும் சொல்லிவிடுவார். உரசலே அதில்தான்.

அஸ்தம்பட்டி ஆள்:
'அன்கப்பிள்ட்' (2022). 17 வருடம் கூட வாழ்ந்தவர் திடீரென்று கிளம்பிவிட, நியூயார்க் வீட்டுத் தரகர் ஒருவர் தனியாகிறார். எட்டே பகுதி. பணக்கார வீடுகளைக் காட்டியே கொல்கிறார்கள். மான்செஸ்டரில் நடக்கும் 'குக்கும்பர்' (2015) இதைவிடக் கூர்மை, ஆனால் கோரமான சாவு ஒன்று உண்டு. உங்களுக்கு ஆகாது.

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:
சரி, ஜப்பான் தொடரையே ஆரம்பித்தாச்சு. அக்காவும் உட்கார்ந்துவிட்டாள். கென்ஜிதான் பாவமாம். நான் ஷிரோ கட்சி.