ஜூபின் மேத்தா: பார்த்தவர்கள், கேட்டவர்கள் சொல்லுங்கள்

காட்பாடிவாசி:
சுனாமி வந்து சரியாக ஒரு வருஷம், 2005 டிசம்பர் 26. சென்னை மியூசிக் அகாடமியில் ஜெர்மனியின் பவேரிய அரசு இசைக்குழுவோடு, மேற்கத்திய இசைக்குழு நடத்துநர் ஜூபின் மேத்தாவின் நினைவஞ்சலிக் கச்சேரி. நானும் தம்பியும் காட்பாடியில் ரயில் பிடித்துப் போனோம்.

மார்கழியில் அந்த மேடையில் பார்த்துப் பழகியது ஒரு பாடகர், பக்கத்தில் வயலின், மிருதங்கம், பின்னால் தம்பூரா. அன்றைக்கு மேடை நிறைய ஆட்கள், எல்லார் கண்ணும் ஒரே ஆள் கையில். வலது கைக் குச்சி காலப்பிரமாணத்தைப் பிடித்துக்கொண்டு போகிறது. இடது கையைத்தான் நான் விடாமல் பார்த்தேன். உள்ளங்கையைத் தரை பார்க்கத் தாழ்த்தினால் வயலின்கள் அடங்கும். மெல்ல மேலே தூக்கினால் செல்லோக்கள் (வயலினைவிடப் பெரிய, தாழ்ந்த குரல் வாத்தியங்கள்) பொங்கி வரும். வாயைத் திறக்கவில்லை, வாத்தியம் எதையும் தொடவில்லை. ஆனாலும் அத்தனை சங்கீதமும் அவருடையது!

1936-ல் பம்பாயில் பிறந்தவர். அப்பா மெஹ்லி மேத்தா வயலின் வித்வான். 18 வயதில் வியன்னா போய் ஹான்ஸ் ஸ்வரோவ்ஸ்கியிடம் படித்தார். 26 வயதில் லாஸ் ஏஞ்சலஸ் பில்ஹார்மோனிக் இசைக்குழு அவர் கைக்கு வந்துவிட்டது. உங்களுக்குப் பிடித்த பதிவு எது, எப்படிக் கிடைத்தது?

பாகாயம்:
அண்ணா, எனக்கு ஆங்கிலேய இசையமைப்பாளர் ஹோல்ஸ்டின் ‘கோள்கள்’. லாஸ் ஏஞ்சலஸ் குழுவோடு 1971-ல் டெக்கா இசைத்தட்டு நிறுவனத்துக்காகச் செய்த பதிவு. சர்ச் பாடகர் குழுவில் எங்களுக்கு ஆல்டோ (பெண்களின் தாழ்ந்த குரல் பகுதி) சொல்லிக்கொடுத்த டீச்சர் கேசட் கொடுத்தார். முதலில் வரும் ‘செவ்வாய்’ ஐந்து ஐந்தாக எண்ணும் தாளம், நம் கண்டம்தான். ஆரம்பத்தில் கேட்கும் டக்டக் சத்தத்துக்காகவே ஹெட்போனில் கேளுங்கள். வயலின்காரர்கள் வில்லைத் திருப்பி, மரப்பக்கத்தால் தந்தியைத் தட்டுகிறார்கள். பித்தளை வாத்தியங்கள் முழுசாக இறங்கும்வரை சத்தம் படிப்படியாக ஏறும். கேரல் ஒத்திகையில் நாங்கள் முதல் வரியிலேயே கத்தினால் டீச்சர் இதைப் போட்டுக் காட்டுவார்.

குடியாத்தம்:
நான் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் ரத்தவியல் பிரிவில் நர்ஸ். என் ஓட்டு மேத்தா நடத்திய ‘மூன்று டெனர்கள்’ கச்சேரிக்கு. டெனர் என்றால் உச்ச ஸ்தாயியில் பாடும் ஆண் குரல். 1990 ஜூலை 7, உலகக் கோப்பை கால்பந்து இறுதி ஆட்டத்துக்கு முந்தின ராத்திரி, ரோமில் நடந்தது. ஜனரஞ்சகம் என்று சிலர் ஒதுக்குவார்கள், எனக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. பாடிய மூவரில் ஒருவரான கரேராஸுக்கு 1987-ல் ரத்தப் புற்றுநோய் வந்து, எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை செய்து மீண்டு வந்திருந்தார். அவருடைய அறக்கட்டளைக்கு நிதி சேர்ப்பதும் அந்தக் கச்சேரியின் நோக்கம்.

கொல்கத்தாவிலிருந்து மகனைச் சிகிச்சைக்குக் கூட்டிவந்த ஒரு அப்பா, போனில் அந்த வீடியோவைப் போட்டு, “இவருக்கும் உன் வியாதிதான், எப்படிப் பாடறார் பாரு” என்று காட்டிக்கொண்டிருந்தார். நானும் நின்று பார்த்தேன். மூன்று பேருக்கு மூன்று விதமான மூச்சு. ஒருவர் ஒரு சுவரத்தை நீட்டினால் குழு முழுக்கக் காத்திருக்க வேண்டும், விட்டதும் சேர்ந்து விழ வேண்டும். அதை ஒரு கச்சேரி முழுக்கச் செய்வது சாதாரண வேலை இல்லை.

ஆற்காடு:
கர்நாடக சங்கீதக் காதுள்ளவர்கள் நியூயார்க் பில்ஹார்மோனிக் இசைக்குழுவோடு வயலின் வித்வான் எல். சுப்ரமணியம் வாசித்ததில் தொடங்கலாம், நடத்தியவர் மேத்தா. ரவிசங்கரின் இரண்டாவது சிதார் கான்செர்ட்டோ (ஒரு தனி வாத்தியமும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிப்பது) ‘ராகமாலா’வையும் லண்டன் பில்ஹார்மோனிக்கோடு பதிவு செய்திருக்கிறார். எனக்கு அதில் சிதார் தனியாக வரும் இடங்கள்தான் உசத்தி. குழு சேரும்போது ராகம் கொஞ்சம் விறைத்துப்போகிறது. மேத்தா சத்தத்தை அடக்கி வைத்திருப்பதால் தாங்குகிறது.

காட்பாடிவாசி:
விறைப்பு இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன் சார். குடியாத்தம் அக்கா, அந்தப் பையன் இப்போது எப்படி இருக்கிறான்?

குடியாத்தம்:
நல்லா இருக்கான் தம்பி. ஊருக்குப் போயிட்டாங்க, செக்கப்புக்கு மட்டும் வந்துட்டுப் போறாங்க.