வடபழஞ்சியில் ரயில் நிற்குமா?

குழு: நம்ம வீட்டு ஆட்கள்
ஜூன் 2023

தேனி அத்தை: பாப்பாவுக்கு மதுரை பக்கத்து வடபழஞ்சி ஐடி பார்க்கில் வேலை கிடைத்துவிட்டது! அடுத்த வாரம் சேரணும். இப்போதான் போடி வரை ரயில் வந்துவிட்டதே, தேனியில் ஏறினால் வடபழஞ்சியில் நிற்குமா?

மதுரை சித்தப்பா: வாழ்த்துகள் பாப்பா 🎉 நிற்கும். ஆனால் காலை வண்டி 8.20-க்கு மதுரையில் கிளம்பி போடிக்குப் போகிறது. போடியிலிருந்து மதுரைக்குத் திரும்பக் கிளம்புவது சாயங்காலம் 5.50-க்கு. ஆபீஸ் பூட்டிய பிறகு போய் இறங்கலாம் 😂

பாப்பா: 🤦‍♀️ சென்னை வண்டி, மாமா?

மதுரை சித்தப்பா: அது வாரத்தில் மூன்று நாள்தான், ராத்திரி கிளம்பும். வடபழஞ்சியில் நிற்காது.

பெரியப்பா: வடபழஞ்சிக்கு ஒரு வண்டியாவது நிற்கிறதே, அதைச் சொல்லு. செக்கானூரணிக்கும் நாகமலை புதுக்கோட்டைக்கும் அதுவும் போச்சு. மீட்டர் கேஜ், அதான் பழைய குறுகிய பாதை, இருந்த காலத்தில் அங்கெல்லாம் நின்றுதான் வரும்.

நான்: அப்படி நின்று நின்று வந்ததால்தானே எல்லாரும் பஸ்ஸுக்குப் போனார்கள், பெரியப்பா? இப்போது மதுரையிலிருந்து தேனிக்கு ஒரு மணி நேரம் சொச்சம்தான்.

பெரியப்பா: வேகம் சரிதான்டா. செக்கானூரணிக்காரன் அந்த வேகத்தை ரயில்வே கேட்டில் நின்று வேடிக்கை பார்க்கணுமா?

தேனி அத்தை: அண்ணே, இந்த லைன் எப்போ போட்டது?

பெரியப்பா: 1928. போடி ஏலக்காய் இதில்தான் மதுரைக்குப் போகும். உலகப்போர் சமயத்தில் தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். 50களில்தான் திரும்பப் போட்டார்கள். அப்புறம் அகலப்பாதைக்காக 2010 டிசம்பர் 31-ஓடு நிறுத்தினார்கள். தேனிக்கு வண்டி வர 2022 மே மாதம் ஆனது. ஆண்டிபட்டிக் கணவாயில் பாறையை வெடி வைத்து உடைத்து அகலப்படுத்தவே காலம் போய்விட்டது.

நான்: நான் பள்ளிக்கூடம் படித்த காலம் முழுக்க தேனி ஸ்டேஷனில் ரயிலே கிடையாது. தண்டவாளம் இருந்த இடத்தில் கிரிக்கெட்தான் 😄

பாப்பா: எல்லாம் சரி, நான் திங்கட்கிழமை எப்படிப் போவது?

மதுரை சித்தப்பா: எங்கள் வீட்டில் தங்கிவிடு. காலை 8.20 வண்டியில் ஏறினால் கால் மணி நேரத்தில் வடபழஞ்சி. வேலை முடிந்து அதே வண்டி திரும்பும்போது ஏறிக்கொள். சனிக்கிழமை காலை இறங்காமல் அப்படியே தேனிக்குப் போ, ஞாயிறு சாயங்காலம் திரும்பு.

தேனி அத்தை: வாரம் பூரா உனக்குத் தொந்தரவு இல்லையா தம்பி?

மதுரை சித்தப்பா: என்னக்கா இது! சனிக்கிழமை போகிறவள் ஞாயிறு திரும்பும்போது உன் கை கருவாட்டுக் குழம்பு வந்தால் போதும்.

பாப்பா: ரயிலில் கருவாட்டுக் குழம்பா? மாமா, நான் பஸ்ஸிலேயே போகிறேன் 🏃‍♀️