மறு: மார்வில் கட்டுரை – ஈரத்தகடா, ஈரத்தட்டா?

நண்பர்களே, வணக்கம்.

புகைப்படக்காரர் சார்ல் மார்வில் பற்றிய கட்டுரைக்குத் தமிழ்க் கலைச்சொற்கள் தேடுகிறோம். கொலோடியன் என்ற பசை போன்ற திரவத்தைக் கண்ணாடியில் பூசி, ஈரம் காயுமுன் படமெடுக்கும் பழைய ‘வெட் கொலோடியன்’ முறைக்கு ‘ஈரத்தகடு’ என்ற பரிந்துரையை ஏற்க மனம் வரவில்லை. தகடு என்றால் உலோகம்: செப்புத் தகடு, பொன் தகடு. வெள்ளி முலாம் பூசிய செப்பில் படமெடுத்த பிரெஞ்சுக்காரர் தாகேரின் முந்தைய முறைக்கே அந்தச் சொல்லை விட்டுவைப்போம். 1851-இல் ஆங்கிலேயர் ஆர்ச்சர் வெளியிட்ட இந்த முறையில் இருப்பதோ கண்ணாடி. ‘ஈரக்கண்ணாடி’ என்றால் மழையில் நனைந்த மூக்குக்கண்ணாடிதான் நினைவுக்கு வரும். ஆகவே ‘ஈரத்தட்டு’ என்கிறேன். சோற்றுத் தட்டா என்று கேலி செய்பவர்கள் இசைத்தட்டை நினைத்துக்கொள்ளட்டும்.

இன்னொருவர் சொன்ன ‘கொலோடியன் தட்டு’ சுருக்கமாக இருக்கிறது. ஆனால் ஈரம் போய்விட்டதே! முறையின் உயிரே அதில்தான் இருக்கிறது. கண்ணாடியின் நடுவில் கொலோடியனை ஊற்றி, நான்கு மூலைக்கும் ஓடும்படி சாய்த்து, மிச்சத்தைக் குப்பியில் வடிக்க வேண்டும். வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்கி எடுத்து, ஈரத்தோடு கேமராவில் செருக வேண்டும். படலம் காய்வதற்குள், அதாவது பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள், படமெடுத்து உருத்துலக்கியும் (டெவலப் செய்தும்) முடித்தாக வேண்டும். இருட்டறையும் கூடவே வர வேண்டும் என்பதைச் சொல்லவே தேவையில்லை.

பாரிஸை மாற்றிக் கட்டிய நிர்வாகி ஓஸ்மானின் திட்டத்தில் இடிபடவிருந்த தெருக்களை 1860-களில் நகராட்சிக்காக 400-க்கும் மேற்பட்ட படங்களில் சார்ல் மார்வில் பதிவு செய்தது இந்தப் பாடுபட்டுத்தான். நடைபாதைக் கற்களைத் தனித்தனியாக எண்ணலாம், அவ்வளவு துல்லியம். தெருக்கள் மட்டும் வெறிச்சோடிக் கிடக்கும். தட்டு மெதுவாகவே ஒளியை ஏற்கும் என்பதால், நடந்து போனவர்கள் பதியாமலே போனார்கள், அல்லது மங்கலாகத் தேய்ந்து தெரிகிறார்கள். பின்னால் வந்த ஜெலட்டின் தட்டை ‘உலர்தட்டு’ என்றால் இணை பொருந்துகிறது.

அக்காலத்தில் படங்களைத் தாளில் அச்சிட்ட ஆல்புமின் பிரிண்டுக்கு ‘வெண்புரத அச்சு’ வேண்டாம். தாளில் பூசியது உப்புக் கலந்த முட்டை வெண்கருதான். ‘வெண்கரு அச்சு’ என்றால் சமையலறைக்காரருக்கும் புரியும். எதிர்ப்படத்தை (நெகட்டிவை) தாள்மேல் வைத்து வெயிலில் காட்டி எடுப்பதால் அச்சும் கண்ணாடியின் அளவே இருக்கும். அந்தக் ‘கான்டாக்ட் பிரிண்டு’க்குத் ‘தொடு அச்சு’ எனலாம்.

கொலோடியனுக்குப் ‘பஞ்சுப்பசை’ என்ற யோசனை அழகுதான். அமிலத்தில் பதப்படுத்திய வெடிபஞ்சை ஈதரிலும் ஆல்கஹாலிலும் கரைத்துச் செய்வதால் பொருளும் சரி. ஆனாலும் அயோடினைப் போல அதை அப்படியே விட்டுவிடலாம். வேதிப்பெயரை மாற்றினால் ஆய்வுக்கூடத்தில் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்.

‘தட்டு’ பிடிக்காதவர்கள் கண்ணாடிக்கும் பொருந்தும் வேறு சொல்லோடு வாருங்கள், பேசுவோம்.