நச்சுலோகம் தாங்கும் மரங்கள்: ‘எதிர்ப்பு மரம்’ பொருந்துமா?

அண்ணே, வணக்கம்.

சுரங்கக் கழிவு மண்ணிலும் தழைக்கும் மரங்களுக்கு ‘உலோக எதிர்ப்பு மரம்’ என்று எழுதியிருந்தீர்கள். எதிர்ப்பு என்றதும், நஞ்சு மரத்துக்குள் நுழையாது என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். நியூ கலிடோனியாவில் பிக்னாண்ட்ரா அக்குமினேட்டா என்றொரு மரம். பட்டையைக் கீறினால் நீலப்பச்சையாகப் பால் வடியும். உலர்ந்த பாலின் எடையில் ஏறத்தாழ கால்பங்கு நிக்கல். அந்த நிக்கலின் பெரும்பகுதியை எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலத்தின் வடிவமான சிட்ரேட்டோடு பிணைத்து, நொதிகளைத் தீண்டவிடாமல் வைத்திருக்கிறது. இதற்கு எதிர்ப்பு என்று பெயரா?

பொதுச்சொல்லாகத் ‘தாங்குதிறன்’ இருக்கட்டும். அதற்குள் இரண்டைப் பிரித்தே ஆக வேண்டும். இலைக்கு உலோகத்தைக் கொண்டுபோகும் மரம் ‘இலையேற்றி’, வேரிலேயே வைத்துக்கொள்ளும் மரம் ‘வேரிருத்தி’. உலர் இலையில் கிலோவுக்கு 1,000 மில்லிகிராம் நிக்கலைத் தாண்டினால் ‘மிகையேற்றி’. நம் பக்கம் ஆடு எந்தத் தழையையும் விடாது. எதை வேலி கட்டிக் காக்க வேண்டும், எந்தத் தழையை வயலுக்கு உரமாக மிதிக்கக் கூடாது என்பது பெயரிலேயே தெரிய வேண்டும்.

காரைக்குடியிலிருந்து

---

ஆச்சி, வணக்கம்.

இலையேற்றி நல்ல சொல், அப்படியே எடுத்துக்கொள்வோம். வேரிருத்திதான் இடிக்கிறது. வேருக்குள் நுழைந்த ஈயம் செல்சுவரில் ஒட்டிக்கொள்வதும், வேரின் உள்ளடுக்கான அகத்தோலில் நீர் புகாத வளையமாக இருக்கும் காஸ்பாரியன் பட்டையில் தடைபடுவதும் ‘இருத்துதல்’ என்பதில் அடங்கும். ஆனால் வேர் சுரக்கும் கரிம அமிலங்கள் அலுமினியத்தை மண்ணிலேயே பிணைத்துவிடுகின்றன. வேரோடு ஒட்டி வாழும் வேர்ப்பூஞ்சை தன் இழைகளில் உலோகத்தைப் பிடித்துவைக்கிறது. அங்கே வேருக்குள் இருத்த ஒன்றும் இல்லை. ‘வேர்த்தடுப்பி’ என்றால் இரண்டும் அடங்கும்.

இன்னொன்றும் முக்கியம். இந்தப் பெயரை மரத்துக்கு மட்டும் சூட்டக் கூடாது. வில்லோ மரம் காட்மியத்தையும் துத்தநாகத்தையும் இலைக்கு ஏற்றும். ஈயத்தைப் பெரும்பாலும் வேரோடு நிறுத்திவிடும். ஆகவே ‘காட்மிய இலையேற்றி’, ‘ஈய வேர்த்தடுப்பி’ என்று உலோகத்தோடு சேர்த்தே எழுதுவோம். ஈயத்துக்குக் ‘காரீயம்’ என்ற பெயர் வேண்டவே வேண்டாம். பென்சில் முனையையும் அப்படிச் சொல்கிறவர்கள் உண்டு. சிவகங்கையில் வெட்டுகிற கிராஃபைட்தான் பென்சில் முனையில் இருப்பது. அது வெறும் கார்பன், ஈயம் அல்ல.

இலையில் உள்ள உலோக அளவை வேரில் உள்ள உலோக அளவால் வகுத்து வரும் எண்ணுக்கு ‘மேலேற்ற விகிதம்’ என்று வைக்கலாம். 1-க்கு மேல் போனால் இலையேற்றிப் பக்கம். இந்தக் கணக்கு கெடுவது பெரும்பாலும் கழுவுவதில்தான். வேரில் மண் ஒட்டியிருந்தால் வேரின் உலோக அளவு பொய்யாக ஏறி விகிதம் விழுந்துவிடும். குழாய்நீரில் அலசி, ஒட்டிய உலோகத்தைப் பிணைத்து எடுக்கும் இடிடிஏ என்ற வேதிப்பொருளின் 20 மில்லிமோலார் செறிவுள்ள கரைசலில் 15 நிமிடம் வைத்து, காய்ச்சிவடித்த நீரில் மறுபடி அலசி, 70 டிகிரி செல்சியஸில் 48 மணி நேரம் உலர்த்த வேண்டும். இலைக்குப் புழுதிதான் எதிரி. நம் செம்மண்ணில் இரும்பு அதிகம். இலையில் இரும்பும் அலுமினியமும் சேர்ந்தாற்போல் எகிறியிருந்தால் அது மரம் உறிஞ்சியதல்ல, மேலே படிந்த தூசி என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். அந்த மாதிரியை வைத்து எந்த மரத்தையும் இலையேற்றி என்று பட்டியலில் சேர்க்க வேண்டாம்.

‘மிகையேற்றி’க்கு மறுப்பில்லை. ஆனால் 1,000 என்பது நிக்கலுக்கான எல்லை. காட்மியத்துக்கு 100, மாங்கனீசுக்கு 10,000. விளக்கத்தில் மூன்றையும் போட்டுவிடுங்கள்.

தேவகோட்டையிலிருந்து