ஏரியில் டியூப் சவாரிக்குப் படகு எடுக்கிறோம், அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதம் நாங்கள் ஆறு பேர், அதில் இரண்டு குழந்தைகள், ஏரியில் மோட்டார் படகை வாடகைக்கு எடுத்து டியூப் சவாரி (காற்றடைத்த டியூபில் ஆளை உட்கார வைத்துப் படகால் இழுப்பது) போகப் போகிறோம். ஓட்டப்போவது என் தம்பி. படகு ஓட்டிப் பழக்கம் உண்டு, ஆனால் பின்னால் ஆளை இழுத்து ஓட்டியதில்லை.

டியூபில் இருப்பவரை மட்டும் கவனிக்கப் படகில் தனியாக ஒருவர் வேண்டும் என்பது தெரியும். தண்ணீரில் விழுந்தவரை ஏற்றும்போது எஞ்சினை அணைத்தே ஆக வேண்டும். நியூட்ரல் போதாது, தெரியாமல் கை பட்டு கியர் விழுந்தால் புரொப்பெல்லர் சுற்றிவிடும். ஓட்டுபவர் தவறி விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கயிறு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுவோம்.

எனக்குப் பெரிய பயம் புகைதான். எஞ்சின் ஓடும்போது படகின் பின்பக்கம் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு சேரும். நிறமோ வாசனையோ இருக்காது. குழந்தைகளோ அந்தப் பின்படியில்தான் உட்காரத் துடிப்பார்கள்! நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

அப்புறம், எட்டு வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு வேகம் சரி? டியூப் வெளியே வீசப்படாமல் திருப்பத்தில் எப்படி வளைப்பது? இழுவைக் கயிற்றில் எந்த இடத்தைச் சோதிக்க வேண்டும்? கை சைகைகளைக் குழந்தைகளுக்குப் பழக்கியவர்களும் சொல்லுங்கள்.