ராம்ப் டெஸ்டில் 210, 20 நிமிட டெஸ்டில் 192: எதை வைத்து டிரெயினிங் போடுவது?

பின்காற்று:
வணக்கம். எடை 68 கிலோ, டைரக்ட் டிரைவ் டிரெயினர் (பின்சக்கரத்தைக் கழற்றி சைக்கிளைப் பூட்டி வீட்டிலேயே மிதிக்கும் கருவி). ராம்ப் டெஸ்ட் (முடியாமல் போகும்வரை வாட் ஏறிக்கொண்டே போகும் டெஸ்ட்) 100 வாட்டில் தொடங்கி நிமிடத்துக்கு 20 வாட் ஏறியது. முழுசாக முடித்த கடைசி நிமிடம் 280. அதில் 75% என்று ஆப் எஃப்.டி.பி. (சுமார் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய வாட்) 210 கொடுத்தது. சில நாள் கழித்து 20 நிமிட டெஸ்ட்: சராசரி 202, அதில் 95% 192. வாட்ச்சோ வி.ஓ.2 மேக்ஸ் (உடல் பயன்படுத்தக்கூடிய அதிகபட்ச ஆக்சிஜன், கிலோவுக்கு நிமிடத்துக்கு மி.லி.) 47 என்கிறது. மாஸ்க் மாட்டி மூச்சை அளக்கும் லேப் டெஸ்டுக்குக் காசு கட்டினால் இந்தக் குழப்பம் தீருமா?

வாட்கணக்கு:
காசு கட்டும் முன் ஒரு கணக்கு. 192ஐ 280ஆல் வகுத்தால் 69% கூட வரவில்லை. 75% என்பது பலருடைய சராசரிதான், ஆளுக்கு ஆள் கூடும் குறையும். ஆனாலும் 69 குறைவு. ராம்ப்பின் கடைசி இரண்டு மூன்று நிமிடங்களை ஆக்சிஜன் இல்லாமல் வரும் சக்தியும் சேர்ந்து இழுத்துக்கொண்டு போகும். ஸ்பிரின்ட் நன்றாகப் போடுகிறவருக்கு ராம்ப் பெரும்பாலும் தாராளமாகவே மார்க் போடும். இல்லையென்றால் 20 நிமிடத்தை ஓட்டிய விதத்தில் கோளாறு. முதல் 5 நிமிடம், கடைசி 5 நிமிடம் வாட் எவ்வளவு? முன்னால் 5 நிமிட ஆல்-அவுட் (முழு பலத்தோடு மிதிப்பது) போட்டீர்களா? ஃபேன் இருந்ததா?

பின்காற்று:
முதல் 5 நிமிடம் 224, கடைசி 5 நிமிடம் 183. ஆல்-அவுட் போடவில்லை. சீலிங் ஃபேன் மட்டும்தான்.

வாட்கணக்கு:
அப்போ 192ஐயும் நம்பாதீர்கள். ஆல்-அவுட் விட்டுப்போனதால் எண் கூடும். 224இல் பாய்ந்து பிறகு தொங்கியதால் குறையும். எது எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை. சீலிங் ஃபேன் காற்று நெஞ்சுக்கு வராது. புழுக்கத்தில் வியர்வை காயாமல் சொட்டும், ரத்தம் தோலுக்கு ஓடும், அதே வாட்டுக்கு இதயத்துடிப்பு ஏறிக்கொண்டே போகும். பெடஸ்டல் ஃபேனை ஒரு மீட்டர் தள்ளி, நேராக நெஞ்சுக்கு வையுங்கள்.

மறுபடி செய்யும்போது டிரெயினரை 10 நிமிடம் ஓட்டிச் சூடாக்கிய பிறகு ஸ்பின்டவுன், அதாவது டிரெயினரின் அளவைச் சரிபார்க்கும் கேலிபரேஷன் (உங்கள் மாடல் கேட்டால்). கிராங்க்கில் பவர் மீட்டர் இருந்தால் ஜீரோ ஆஃப்செட் (மிதிக்காதபோது பூஜ்யம் காட்டும்படி சரிசெய்வது). எர்க் மோடை (டிரெயினரே வாட்டை மாறாமல் பிடித்துவைக்கும் முறை) அணைத்துவிடுங்கள். கேடன்ஸ் (நிமிடத்துக்கு மிதிக்கும் சுற்று) விழுந்தால் அது மிதியை இன்னும் கனமாக்கும், 60 ஆர்.பி.எம்.மில் கால் பூட்டிக்கொள்ளும். 20 நிமிட வார்ம்-அப், 5 நிமிடம் ஆல்-அவுட், 10 நிமிடம் லேசாக, அப்புறம் டெஸ்ட். முதல் 5 நிமிடம் 200ஐத் தாண்ட வேண்டாம், எவ்வளவு சுலபமாகத் தெரிந்தாலும்.

வந்த எண்ணை இரண்டு நாள் கழித்து 35 நிமிடம் ஓட்டிப் பாருங்கள். 15ஆவது நிமிடத்திலேயே மூச்சு கட்டுமீறினால் எண் அதிகம், 5 வாட் குறையுங்கள். எந்தச் சதவீதக் கணக்கையும்விட இதைத்தான் நான் நம்புவேன்.

வாட்ச் விஷயம்: 10.8 × வாட் ÷ எடை + 7 என்ற சூத்திரத்தில் 280 போட்டால் 51.5. அது நிலையான வாட்டுக்கான சூத்திரம், ராம்ப்பின் கடைசி வாட்டைப் போட்டால் கூட்டித்தான் காட்டும். ஆகவே 47 ஒன்றும் அபத்தமில்லை. வாட்ச்சில் அதிகபட்ச இதயத்துடிப்பு '220 கழித்தல் வயது' என்றே கிடந்தால் மாற்றுங்கள், பத்துத் துடிப்பு தப்புவது சகஜம். நிஜத்தைவிட அதிகமாகப் போட்டிருந்தால் வி.ஓ.2வும் உப்பித் தெரியும்.

மேட்டுப்பாதை:
மாதாமாதம் டெஸ்ட் என்று உயிரை வாங்கிக்கொள்ள வேண்டாம் சார். ஒரே வாட்டில் ஒரு மணி நேரம் ஓட்டி, வாட்டை இதயத்துடிப்பால் வகுத்து முதல் பாதியையும் இரண்டாம் பாதியையும் ஒப்பிடுங்கள். 140 வாட்டுக்கு இதயத்துடிப்பு முதல் பாதி 132, பின் பாதி 138 என்றால் சரிவு 4.3%. 5%க்குள் இருந்தால் அந்த வாட்டுக்கு பேஸ் (நீண்ட நேரம் தாங்கும் அடிப்படைத் திறன்) போதும். அதே ஃபேன், அதே நேரம் என்றால்தான் ஒப்பிட முடியும்.

முகமூடி:
லேப் பக்கம். வி.ஓ.2 மேக்ஸ் மட்டும் தெரிய வேண்டுமென்றால் செலவு தண்டம். வி.டி.1 (மூச்சு வாங்கத் தொடங்கும் இடம்), வி.டி.2 (மூச்சு கட்டுமீறத் தொடங்கும் இடம்) இரண்டும் வாட்டாகவும் இதயத்துடிப்பாகவும் ரிப்போர்ட்டில் வருமா என்று முதலில் கேளுங்கள். டிரெயினிங்குக்கு உதவுவது அவைதான். 3 லிட்டர் சிரிஞ்சும் கேஸ் சிலிண்டரும் வைத்து அன்றன்று கேலிபரேட் செய்கிறார்களா என்றும் கேளுங்கள். மாஸ்க் மாட்டியதும் வாய்த் துளையை உள்ளங்கையால் மூடி ஊதிப் பாருங்கள். மூக்குத்தண்டு ஓரம் காற்று சீறினால் இறுக்கச் சொல்லுங்கள், கசிந்தால் வி.ஓ.2 குறைவாக வரும். தாடி இருந்தால் கட்டாயம் பாருங்கள்.

ரிப்போர்ட்டில் ஆர்.இ.ஆர். (வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடை எடுக்கும் ஆக்சிஜனால் வகுத்தது) 1.10ஐத் தொடவே இல்லையென்றால் நீங்கள் உச்சத்துக்கு முன்பே நிறுத்தியிருக்கலாம். இன்னொன்று, ஆக்சிஜன் அளவு வாட்டுக்குப் பின்னால் அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் வரை தாமதமாக வரும். நிமிடத்துக்கு 20 வாட் ராம்ப்பில் வி.டி.2 220 என்று வந்தால், ரோட்டில் அது 205 பக்கம். திருத்தித்தான் கொடுத்தார்களா என்று கேட்காமல் ஸோன் (டிரெயினிங் தீவிரத்தின் வரம்புகள்) போடாதீர்கள். பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், இதயத்துடிப்பு ஸோன் எல்லாம் மாறிவிடும்.

லாக்டேட் டெஸ்ட் (கடும் உழைப்பில் ரத்தத்தில் ஏறும் லாக்டேட்டை அளப்பது) என்றால் காது மடலில் முதல் சொட்டைத் துடைத்துவிட்டு இரண்டாவதை எடுக்கிறார்களா என்று கவனியுங்கள். வியர்வையிலும் லாக்டேட் உண்டு, கலந்தால் ரீடிங் எகிறும்.