பொருள்: ‘வாட்டர்லாகிங்’ தமிழில் என்ன? (அவசரம்)

முடிச்சூர் ஆசிரியை எழுதியது:

வணக்கம். பள்ளிக்கான மழைக்கால எச்சரிக்கைத் துண்டறிக்கை நாளை மாலை அச்சுக்குப் போகிறது. ‘ஃபிளட்’ வெள்ளம், ‘ஃபிளாஷ் ஃபிளட்’ திடீர் வெள்ளம். மழைநீர் வடியாமல் நிற்கும் ‘வாட்டர்லாகிங்’கில்தான் மாட்டிக்கொண்டேன். ‘நீர்த்தேக்கம்’ என்று போட்டதைப் படித்த எட்டாம் வகுப்புப் பையன், “மிஸ், வேளச்சேரியில புழல் மாதிரி ஏரி வெட்டப் போறாங்களா?” என்கிறான்.

‘ஃபிளட்’, ‘வாட்டர்லாகிங்’ இரண்டுக்கும் ‘வெள்ளம்’ என்றே போடவும் மனம் வரவில்லை. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியில் நொடிக்கு 29,000 கன அடி திறந்தபோது அடையாற்றை ஒட்டியிருந்த நாங்கள் வீட்டை விட்டு ஓடினோம். 2023 மிக்ஜாம் புயலில் வேளச்சேரியிலிருக்கும் என் அக்கா மாடியில் உட்கார்ந்து தண்ணீர் வடியக் காத்திருந்தாள். யார் ஓடுவது, யார் இருப்பது என்று சொல் காட்ட வேண்டாமா?

மயிலாப்பூர் ஐயா எழுதியது:

அம்மா, முதலில் வெள்ளத்துக்கே வருவோம். ‘வெள்ளத் தனைய மலர்நீட்டம்’ (குறள் 595) என்னும்போது அது குளத்தில் கிடக்கும் தண்ணீர். ‘வெள்ளத் தனைய இடும்பை’ (குறள் 622) என்னும்போது பெருக்கு. மலையாளத்தில் இன்றும் குடிக்கக் கேட்பது வெள்ளம்தான். பரிபாடலிலோ அது ஒரு பேரெண். ஆக ஓடுவதும் வெள்ளம், கிடப்பதும் வெள்ளம், அடைமொழிதான் தேவை. ஆற்றில் வருவது வருவெள்ளம், பெய்து நிற்பது பெய்வெள்ளம். இரண்டும் வினைத்தொகை.

‘பிரளயம்’ என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.

அம்பத்தூரிலிருந்து:

தேக்குவது நாம், தேங்குவது தானாக. எனவே ‘தேங்கல்’. முடிந்தது.

மயிலாப்பூர் ஐயா:

முடியவில்லை தம்பி. அடங்கு–அடக்கம், தொடங்கு–தொடக்கம், முடங்கு–முடக்கம். அந்த வரிசையில் தேங்கு–தேக்கம் சரியே.

அம்பத்தூரிலிருந்து:

தவறென்று சொல்லவில்லை ஐயா. அந்தச் சொல்லைப் பூண்டி ஏரிக்கும் புழல் ஏரிக்கும் எழுதிக்கொடுத்தாயிற்றே!

குரோம்பேட்டையிலிருந்து:

நெல்லைப் பக்கம் எங்களுக்குக் குளம் நிறைந்தால் ‘மறுகால் பாயுது’. உபரிநீர் வழியும் அந்த இடத்தை இங்கே கலங்கல் என்கிறார்கள். மறுகால் போகும் தண்ணீருக்கும் வெள்ளத்துக்கும் நடுவே ஒரு சொல் வேண்டும். அப்புறம், பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துத் தண்ணீர் வடியும் ஒக்கியம் மடு இருக்கிறதே, அந்தப் பெயரில் இருக்கும் ‘மடு’...

மட்டுறுத்துநர்:

மடு தனி இழையில், தயவுசெய்து.

அம்பத்தூரிலிருந்து:

பெய்வெள்ளத்தைச் சோதித்துப் பார்த்தேன். எங்கள் குடியிருப்புக் காவலாளியிடம் எழுதிக் காட்டினேன். “பேய் வெள்ளமா சார்?” என்றார். 2015-ஐப் பார்த்தவர், அவரைக் குறை சொல்ல முடியாது.

மயிலாப்பூர் ஐயா:

குறிலுக்கும் நெடிலுக்கும் வேறுபாடு தெரியாதவருக்காகக் கலைச்சொல்லைக் கைவிடுவதா?

முடிச்சூர் ஆசிரியை:

ஐயா, கோபிக்காதீர்கள். கழுத்தளவு தண்ணீரில் குறில் நெடில் பார்ப்பவர்கள் குறைவு. எங்கள் தெருவில் சொல்வது இரண்டே: ‘தண்ணி வருது’, ‘தண்ணி நிக்குது’. அதையொட்டி ‘ஆற்று வெள்ளம்’, ‘மழைநீர் தேங்குதல்’ என்று போட்டு அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். ‘தேங்கல்’ பிடித்திருந்தது. ஆனால் தலைமையாசிரியர் அதை ‘தேங்காய்’ என்று வாசித்தார்.

மயிலாப்பூர் ஐயா:

‘தேங்குதல்’ வெறும் தொழிற்பெயர். ‘மழைநீர் தேங்குதல்’ விளக்கம், கலைச்சொல் ஆகாது. என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். அடுத்த பதிப்பில் பெய்வெள்ளத்துக்கு அடிக்குறிப்பிலாவது இடம் கொடுங்கள்.

குரோம்பேட்டையிலிருந்து:

மடுவுக்கு இழை தொடங்கிவிட்டேன்.